கொல்லப்பட்டோரின் மண்டபம்

கி.பி. 1241-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு. ஐஸ்லாந்து நாட்டில் ரெய்க்ஹோல்ட் என்னும் ஊரிலிருந்த ஒரு பெரிய பண்ணை வீட்டை ஆயுதம் தாங்கிய ஆட்கள் சூழ்ந்துகொண்டனர். நார்வே மன்னனின் ஆணையோடு அவர்களை நடத்தி வந்தவர், அவ்வீட்டுத் தலைவருக்கு ஒரு காலத்தில் மருமகனாக இருந்தவர். அறுபது வயதைக் கடந்துவிட்ட அந்தத் தலைவர் நிலவறைக்குள் இறங்கி ஒளிந்துகொண்டார். ஐந்து பேர் அவரைத் தேடி உள்ளே இறங்கினர். வெட்ட வேண்டாம் என்று மட்டுமே அவர் சொன்னதாக அக்கால வரலாற்று நூல் கூறுகிறது. அவர்கள் வெட்டினர்.

இறந்தவர் பெயர் ஸ்நோரி ஸ்டுர்லுசன். ஐஸ்லாந்தின் பேரவையில் இருமுறை சட்ட உரைஞராக இருந்தவர், கிறிஸ்தவர், பெரும் புலவர். ஏறத்தாழ 1220-ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'எட்டா' என்னும் நூல் இல்லாதிருந்தால், வடபுல மக்கள் கிறிஸ்தவத்தைத் தழுவுமுன் வணங்கிய தெய்வங்களைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும். போரில் ஆயுதத்தால் மடிந்த வீரர்கள் சாவுக்குப் பின் சென்று சேரும் பொன்மண்டபத்தை விரிவாக நமக்கு எடுத்துரைத்தவரும் அவரே. அத்தகைய மனிதர் தம் சொந்த வீட்டின் நிலவறையில், போர் முழக்கம் எதுவுமின்றி மாண்டார். வீரச்சாவை மற்றவர்களுக்கு விளக்கி எழுதுவது வேறு, வாளின் எதிரே நிற்பது வேறு என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே நமக்கு உணர்த்திவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் நாம் அந்த மண்டபத்துக்குள் சற்றே நுழைந்து பார்க்க விழைகிறோம். பழங்கதையின் சுவைக்காக மட்டுமன்று. போரில் கொல்லப்பட்டவனை ஒரு சமூகம் போற்றும்போது அந்தப் பெருமை யாருக்காக வழங்கப்படுகிறது? மடிந்தவனுக்காகவா? அல்லது இன்னும் பலர் மடிய வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கும் ஒருவருக்காகவா? இந்தக் கேள்வியை அந்த மண்டபம் போல் நேர்மையாக நம் முன் வைக்கும் கதை வேறொன்றைக் காண்பது அரிது.

ஈட்டிகளால் ஆன கூரை

அந்த மண்டபத்தின் பெயர் வல்ஹல்லா. பழைய வடபுல மொழியில் 'வல்' என்பது போர்க்களத்தில் கொல்லப்பட்டுக் கிடப்போரைக் குறிக்கும். ஆகவே 'கொல்லப்பட்டோரின் மண்டபம்' என்பதே இப்பெயரின் நேர்ப்பொருள். இதை 'வீர சொர்க்கம்' என்று மொழிபெயர்த்துவிட நமக்குத் தோன்றலாம். அவ்வாறு மொழிபெயர்த்தால் கதையின் உயிர்நாடியைத் தவறவிட்டுவிடுவோம். ஏன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

அம்மண்டபத்தின் கைமரங்கள் ஈட்டிக் கழிகள். கூரை வேய்ந்திருப்பது கேடயங்களால். அமரும் பலகைகளின் மேல் இரும்புக் கவசங்கள் பரப்பப்பட்டுள்ளன. மேற்கு வாயிலின்முன் ஓர் ஓநாய் தொங்குகிறது. அதன்மேல் ஒரு கழுகு வட்டமிடுகிறது. ஓநாயும் கழுகும் போர்க்களத்துப் பிணங்களைத் தின்ன வரும் உயிர்கள் என்பதை அக்காலத்தவர் நன்கு அறிவர். இவ்வாறு தெய்வத்தின் இல்லத்திலும் போர்க்களத்தின் அடையாளங்களே எங்கும் நிறைந்துள்ளன.

அங்குச் சேர்ந்த வீரர்களை 'ஐன்ஹெர்யார்' என்று அழைப்பர். சேஹ்ரிம்னிர் என்னும் பன்றி அவர்களுக்காக நாள்தோறும் சமைக்கப்படுகிறது. மாலையில் அது மீண்டும் முழுமை பெறுகிறது. ஹெய்த்ரூன் என்னும் வெள்ளாட்டின் மடியிலிருந்து பாலுக்குப் பதிலாகத் தேன்மது சுரக்கிறது. அது ஒருபோதும் வற்றுவதில்லை. வல்கிரியர் எனப்படும் கன்னியர் மதுக்கொம்புகளை ஏந்தி வருகின்றனர். போர்க்களத்தில் யார் மடிய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவரும் இவர்களே. 'கொல்லப்பட்டோரைத் தெரிந்தெடுப்பவள்' என்பதே அச்சொல்லின் பொருள். மடிந்தோர் அனைவரும் இங்கு வருவதில்லை. பாதிப் பேரை ஃப்ரேயா என்னும் தேவதை தன் இல்லத்துக்கு அழைத்துக்கொள்கிறாள். மறுபாதியே தலைமைத் தெய்வமான ஓடினைச் சேர்கிறது.

நாள் புலர்ந்ததும் வீரர்கள் கவசம் பூண்டு முற்றத்துக்குச் சென்று ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்துகின்றனர். உணவு வேளை நெருங்கும்போது, வீழ்ந்தவர்கள் எழுந்து, பகை நீங்கியவர்களாய் ஒரே பந்தியில் அமர்கின்றனர். மறுநாள் மீண்டும் போர். அதற்கு மறுநாளும் போர்.

இந்த விருந்தில் ஒரு சிறு செய்தி நம் கவனத்தை ஈர்க்கிறது. தலைமை இருக்கையில் அமர்ந்திருக்கும் ஓடின் எதையும் உண்பதில்லை. தம் பங்கு இறைச்சியைக் காலடியில் படுத்திருக்கும் இரு ஓநாய்களுக்குப் போட்டுவிட்டு, மதுவை மட்டும் அருந்துகிறார். எல்லோரும் களித்திருக்கும் அவையில் அவர் ஒருவர் மட்டும் வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கிறார்.

படைக்கு ஆள் சேர்ப்பு

ஓடின் நினைத்துக்கொண்டிருப்பது உலகத்தின் இறுதிப் போரை. அதற்கு ரக்னரோக் என்று பெயர். அன்று கட்டறுத்துக்கொண்டு வரப்போகும் ஃபென்ரிர் என்னும் ஓநாயை எதிர்க்க அவருக்குப் படை வேண்டும். வல்ஹல்லாவுக்கு 540 வாயில்கள் என்றும், ஒவ்வொரு வாயிலிலிருந்தும் அந்த நாளில் 800 வீரர் புறப்படுவர் என்றும் ஒரு பழம்பாடல் கணக்கிடுகிறது. பெருக்கிப் பார்த்தால் 4,32,000 பேர். அக்கால வழக்கில் 'நூறு' என்ற சொல் 120-ஐயும் குறித்தது. ஆகவே தொகை இன்னும் கூடலாம். இத்தனை பேர் சேர்ந்திருப்பது பெருங்கூட்டம் அன்றோ என்று எட்டாவில் ஒருவர் வியக்கும்போது, இன்னும் எத்தனையோ பேர் சேரவிருப்பதாகவும், ஓநாய் வரும் நாளில் அவ்வளவு பேரும் போதாதவர்களாகவே தோன்றுவர் என்றும் மறுமொழி கிடைக்கிறது.

இங்குதான் 'வீர சொர்க்கம்' என்னும் மொழிபெயர்ப்பு பொருந்தாமல் போகிறது. சொர்க்கம் என்பது பயணத்தின் முடிவு. வல்ஹல்லா ஒரு பாசறை. அங்கே வழங்கப்படும் இறைச்சியும் மதுவும் இனி வரவிருக்கும் ஒரு வேலைக்கான முன்பணம். வீரன் வீரனாக இருப்பதால் அவனை ஓடின் விரும்பவில்லை; அவன் தேவைப்படுவதால் விரும்புகிறார். ஆகவேதான் அவர் சில வேளைகளில் தகுதியற்றவனுக்கு வெற்றியைத் தந்து, தகுதியுடையவனைக் களத்தில் வீழ்த்திவிடுகிறார். லோகி என்னும் தெய்வம் ஓர் அவையில் இதையே ஓடினின் முகத்துக்கு நேராகக் குற்றமாகச் சாட்டுகிறது.

இதைவிடத் துயரமான செய்தி ஒன்றுண்டு. அந்தப் போரில் வெற்றி கிட்டாது. ஓநாய் ஓடினை விழுங்கிவிடும். இடித்தேவன் தோர் பெரும் பாம்பைக் கொன்றுவிட்டு, ஒன்பது அடி எடுத்து வைத்ததும் அதன் நஞ்சால் தானும் வீழ்ந்துவிடுவான். கதிரவன் கருகும், நிலம் கடலுக்குள் அமிழும். இவையெல்லாம் ஓடினுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்திருந்தும் அவர் ஆள் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்.

பகைவரான இரு சகோதரர்

இந்த நம்பிக்கை பெரும்பாலும் அரசர்களின் அவைகளில் வாழ்ந்தது. அரசவைப் புலவர்கள் தங்கள் அரசன் மடிந்தபோது அவன் வல்ஹல்லாவில் நுழைவதைப் பாடினர். அத்தகைய இரு பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றில் பாடப்படும் இருவரும் நார்வேயின் ஹரால்டு மன்னனுக்கு வெவ்வேறு தாயரிடம் பிறந்த மக்கள்.

மூத்தவன் எரிக். தன் உடன்பிறந்தோரையே கொன்றவன் என்பதால் 'இரத்தக் கோடரி' என்ற அடைமொழி பெற்றவன். 954-ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில் கொல்லப்பட்டான். அவனுடைய மனைவியின் வேண்டுகோளின்படி இயற்றப்பட்டதாகச் சொல்லப்படும் பாடலில், வல்ஹல்லாவின் பலகைகள் ஆயிரம் பேர் வருவதுபோல் அதிர்கின்றன. ஓடினின் மகன் பால்டர் திரும்பி வருகிறான் போலும் என்று ஒரு தெய்வம் மகிழ்கிறது. அப்படி அறிவின்றிப் பேசாதே, வருபவன் எரிக் என்கிறார் ஓடின். அவன் வீரன் என்றால் அவனுக்கு ஏன் வெற்றியை மறுத்தீர் என்று ஒரு பழைய வீரன் கேட்கிறான். அந்தச் சாம்பல்நிற ஓநாய் தெய்வங்களின் இல்லங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே அவனுக்குக் கிடைத்த விடை.

இளையவன் ஹாகோன். இங்கிலாந்தின் அத்தெல்ஸ்தான் மன்னனின் அரண்மனையில் வளர்ந்தவன். அங்கேயே திருமுழுக்குப் பெற்றவன். எரிக்கை நாட்டைவிட்டு விரட்டி அரசனானவன். தன் மக்களைக் கிறிஸ்துவிடம் அழைத்துவர முயன்று, அவர்களின் எதிர்ப்புக்குப் பணிந்தான். பலி விருந்தொன்றில் மதுக்கொம்பின்மேல் அவன் சிலுவை அடையாளம் வரைந்தபோது, அது தோரின் சம்மட்டி அடையாளம்தான் என்று நண்பர் ஒருவர் சமாளித்ததாக ஸ்நோரி எழுதுகிறார். ஏறத்தாழ 961-ஆம் ஆண்டில் ஃபிட்யர் என்னும் இடத்தில் எரிக்கின் மக்களோடு நடந்த போரில் அம்பு பட்டு அவன் மடிந்தான். பிழைத்தால் கிறிஸ்தவ நாடு ஒன்றுக்குச் சென்று தன் பாவங்களுக்குக் கழுவாய் தேடுவதாகவும், இறந்தால் தங்கள் விருப்பப்படி புதைத்துக்கொள்ளுமாறும் அவன் சொன்னதாக அதே நூல் கூறுகிறது. அவர்கள் முழுப் போர்க்கோலத்தில் அவனை மேடிட்டுப் புதைத்தனர்.

அவனுடைய புலவர் எய்விண்ட் அவனையும் வல்ஹல்லாவுக்கு அனுப்பிவைத்தார். ஆனால் அவர் பாடலில் வரும் ஹாகோன் மகிழ்ச்சியோடு நுழையவில்லை. வெற்றிக்கு நாங்கள் தகுதியுடையவர்களாக இருந்தோமே என்று வல்கிரியிடம் முறையிடுகிறான். மண்டபத்தின் முன் நின்று, ஓடின் நல்லெண்ணம் கொண்டவராகத் தெரியவில்லை என்கிறான். ஆயுதங்களைக் களையாமல் தன்னுடனேயே வைத்துக்கொள்ள விரும்புகிறான்.

மறுமையின் வாயிலில் நிற்கும் ஒருவன் தன்னை வரவேற்கும் தெய்வத்தை நம்பாமல் வாளைப் பற்றிக்கொண்டு நிற்கிறான்! அந்நம்பிக்கைக்குள் வாழ்ந்த புலவர் ஒருவரே இவ்வாறு பாடியிருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. தன்னைத் தேவைக்காக மட்டும் விரும்புகிறவரிடம் மனிதனால் தன்னை முழுமையாக ஒப்படைக்க முடிவதில்லை. கவசத்தைக் கழற்ற முடியாத இடத்துக்கு இளைப்பாற்றி என்று பெயரிட முடியுமா?

மண்டபத்துக்கு வெளியே

உள்ளே இருப்பவர்களைப் பார்த்துவிட்டோம். வெளியே நிற்பவர்கள் யார்? நோயினாலும் முதுமையினாலும் இறந்தோர் ஹெல் என்பவளின் நாட்டுக்குச் செல்வர் என்கிறது எட்டா. அவளுடைய தட்டின் பெயர் பசி. கத்தியின் பெயர் பஞ்சம். படுக்கையின் பெயர் நோய்ப்பாயல். மற்றொரு நூலில், படுக்கையில் இறக்கும் தறுவாயில் ஓடின் ஈட்டி முனையால் தம் உடலைக் கீறச் செய்து, ஆயுதத்தால் மடியும் அனைவரும் தமக்கே உரியவர் என்று அறிவித்ததாக ஸ்நோரி எழுதுகிறார். சாவதற்கு முன் ஒரு கீறலாவது இருந்தாக வேண்டும்!

இந்தக் கணக்கின்படி உழுதவனுக்கும், பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் இறந்த தாய்க்கும், நோயாளிகளைப் பேணித் தேய்ந்துபோன முதியவளுக்கும் அந்த மண்டபத்தில் இடமில்லை. அவர்கள் ஒருவரையும் கொல்லவில்லை. ஓநாயை எதிர்க்க அவர்களால் பயனில்லை.

ஆனால் கதை இங்கே தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்கிறது. தெய்வங்களிலெல்லாம் மிக நல்லவன், யாவராலும் விரும்பப்பட்டவன் ஓடினின் மகன் பால்டர். லோகியின் வஞ்சகத்தால், பார்வையற்ற உடன்பிறப்பான ஹோத் எறிந்த புல்லுருவிக் குச்சி பட்டு அவன் இறந்தான். இறந்தவன் சென்றது ஹெல்லின் நாட்டுக்கே. அவனை மீட்க ஒன்பது இரவுகள் பயணம் செய்து தூதன் சென்றான். உலகிலுள்ள அனைத்தும் அவனுக்காக அழுதால் விடுவிப்பதாக ஹெல் கூறினாள். ஒருத்தி மட்டும் அழ மறுத்தாள். பால்டர் அங்கேயே தங்கிவிட்டான். நான்கு லட்சம் வீரர்களைத் திரட்டிய ஓடினால் தம் மகன் ஒருவனை அந்தப் பந்திக்குக் கொண்டுவர இயலவில்லை. எரிக் வந்தபோது பலகைகள் அதிர்ந்ததைக் கேட்டு, பால்டரோ என்று ஒரு தெய்வம் ஏங்கியதன் பொருள் இப்போது நமக்கு விளங்குகிறது. மண்டபம் நிரம்பியிருந்தது, விரும்பியவன் மட்டும் அங்கில்லை.

தெய்வங்களின் துயரம் மனிதருக்கும் இருந்தது. பத்தாம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் எகில் என்னும் பெரும் போர்வீரரும் புலவருமான ஒருவர் வாழ்ந்தார். இளம் வயது முதல் கொலைக்கு அஞ்சாதவர். ஓடினைத் தம் நண்பராகக் கருதியவர். அவர் மகன் பொத்வார் கடலில் மூழ்கி இறந்தபோது, உண்ணாமல் உயிர்விடத் துணிந்து படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டார். மகள் தோர்கெர்த் தானும் உடன் சாவதாகச் சொல்லி உள்ளே நுழைந்தாள். தந்திரமாக அவருக்குப் பால் அருந்தக் கொடுத்தாள். இறந்தவனுக்காக ஒரு பாடல் இயற்றும்வரை வாழ்வோம் என்று கெஞ்சினாள். அப்பாடல் இன்றும் வாழ்கிறது. அதில் அவர் தம் தெய்வம் நட்பை முறித்துவிட்டதாகக் குற்றம் சாட்டுகிறார். ஆயினும் கவிதையைத் தந்த கொடைக்காக அதே தெய்வத்துக்கு நன்றியும் கூறுகிறார். முடிவில் அஞ்சாமல் காத்திருப்பேன் என்று அவர் சொல்வது ஹெல்லின் வருகைக்காகவே. பின்னாளில் பார்வை இழந்து, முதுமையடைந்து, நோயில் அவர் இறந்தார். வாள் பிடித்த அந்தக் கையை வாழ்வுக்குத் திருப்பியது ஒரு மகளின் அன்பும் ஒரு கிண்ணம் பாலும்தாம்.

இதில் உயர்ந்தது எது?

இவ்வளவும் சொன்னபின், வல்ஹல்லாவை வெறும் காட்டுமிராண்டிக் கற்பனை என்று ஒதுக்கிவிட்டால் நாம் நீதி தவறியவர்களாவோம். அதில் மாண்புமிக்க ஒன்று உண்டு. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் சரியான பக்கத்தில் நிற்கும் துணிவு அது. கத்தோலிக்கராகிய ஆங்கில எழுத்தாளர் டோல்கியன் 1936-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் இதனையே வடபுலத்தின் தனிப்பெரும் கொடையாகப் போற்றினார். அத்தெய்வங்கள் தோற்கின்றனர், ஆனால் தோற்றுவிட்டதாலேயே அவர்களின் பக்கம் பொய்யாகிவிடவில்லை என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மை. 1916-இல் சோம் போர்க்களத்தில் நின்றவர், நெருங்கிய நண்பர்களை அப்போரில் பறிகொடுத்தவர் அவர். ஆகவே இதை நூலறிவால் மட்டும் சொல்லிவிடவில்லை.

வெற்றி உறுதியானால்தான் நன்மை செய்வேன் என்பவன் வணிகன். வெற்றி இல்லை என்று தெரிந்தும் தன் கடமையில் நிற்பவனை எந்தச் சமயத்தவரும் மதிப்பர். ஆனால் அந்த மதிப்பை யார் எடுத்துக்கொள்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கவனித்தாக வேண்டும்.

1934-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள். ஜெர்மானியக் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் அடக்கச் சடங்கு டானன்பர்க் போர் நினைவிடத்தில் நடைபெற்றது. முதிர்ந்த வயதில் இயல்பாக இறந்தவர். லூத்தரன் சபையைச் சார்ந்தவர். அவருடைய சவப்பெட்டியின் முன் பேசிய ஹிட்லர், இறந்த தளபதியை இனி வல்ஹல்லாவுக்குள் செல்லுமாறு வழியனுப்பி உரையை முடித்தார். கிறிஸ்தவ ஹாகோனைப் புலவர் அங்கே அனுப்பியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எய்விண்ட் தம் அரசனை நேசித்தார். அவன் தயக்கத்தையும் மறைக்காமல் பாடினார். இங்கே தயக்கத்துக்கு இடமே இல்லை. ஆள் சேர்ப்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. அடுத்த பதினோரு ஆண்டுகளில் அந்த வாயில்கள் வழியே எத்தனை இலட்சம் இளைஞர்கள் அனுப்பப்பட்டனர் என்பதை உலகம் அறியும். தாம் நேசித்த அந்த வடபுல மாண்பை ஹிட்லர் கெடுத்துச் சபிக்கப்பட்டதாக்கிவிட்டார் என்று டோல்கியன் 1941-இல் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில் வெதும்பினார்.

மூன்று அளவுகோல்கள்

அப்படியானால் நாட்டைக் காக்க உயிர் நீத்தவரைப் போற்றுவது தவறா என்று வாசகர் கேட்கலாம். தவறன்று. பிறருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு வேறில்லை என்று நாம் நம்புகிறோம். ஆனால் மடிந்தவரைப் போற்றுவதற்கும் மடிந்தவரைப் பயன்படுத்துவதற்கும் இடையே ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டை அடையாளம் காண இந்தப் பழங்கதையே நமக்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறது.

முதலாவது, மண்டபத்தின் வாயில்கள் எந்தப் பக்கம் திறக்கின்றன? ஒரு பாராட்டு இறந்தவனின் பெயரையும், அவன் வாழ்வையும், அவனை இழந்தவர்களின் கண்ணீரையும் நினைத்தால் அது மரியாதை. அவன் இறந்ததைச் சொல்லிச் சொல்லி அடுத்தவனை அழைத்தால், அது 540 வாயில்களையும் ஓநாயை நோக்கித் திறந்து வைக்கும் செயல்.

இரண்டாவது, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார்? ஆயுதத்தால் மடிந்தவனுக்கு மட்டும் புகழ் என்று சொல்லும் சமூகம், ஆயுதமின்றி உழைத்துத் தேய்ந்த பெரும்பாலோரை ஹெல்லின் பசித்தட்டுக்கு முன் அமர்த்திவிடுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், இவ்வுலகில் கடவுள் அதனதன் பொருட்டே விரும்பிய ஒரே படைப்பு மனிதன் என்று கற்பித்தது. மனிதன் எந்தப் போருக்கும், எந்தத் திட்டத்துக்கும், எவ்வளவு உயர்ந்த இலட்சியத்துக்கும் வெறும் கருவியாகிவிட முடியாது என்பது இதன் பொருள். தேவைக்காகத் தெரிந்தெடுக்கும் ஓடினுக்கும், தேவை ஏதுமின்றி அன்பு செய்யும் கடவுளுக்கும் உள்ள தொலைவு இதுவே.

மூன்றாவது, பகைவனுக்கு அங்கே இடம் உண்டா? வல்ஹல்லாவின் வீரர்கள் மாலையில் பகை மறந்து அமர்கிறார்களே, அது ஒப்புரவு அன்றோ என்று கேட்கத் தோன்றும். சற்றுச் சிந்தித்தால் அதன் குறை தெரியும். அங்கே வெட்டியதும் விளையாட்டு, எழுந்ததும் விளையாட்டு. யாரும் உண்மையில் எதையும் இழப்பதில்லை. இழப்பு இல்லாத இடத்தில் மன்னிப்புக்கு எடை இல்லை. காலையில் மீண்டும் வெட்டுவதற்காக மாலையில் கைகுலுக்குவதை நாம் சமாதானம் என்று அழைக்க முடியாது. எரிக்கும் ஹாகோனும் ஒரே பலகையில் அமர்ந்து மதுவருந்தலாம். ஆயினும் ஹாகோன் தன் வாளைக் கீழே வைக்கவில்லை.

அழிவுக்குப் பின்

ரக்னரோக்கோடு கதை முடிந்துவிடவில்லை. 'வோலுஸ்பா' என்னும் பழம்பாடலில் ஒரு தீர்க்கதரிசினி அதற்குப் பின் நடப்பதையும் காண்கிறாள். கடலுக்குள் மூழ்கிய நிலம் பசுமையாய் மீண்டும் எழுகிறது. விதைக்காத வயல்கள் விளைகின்றன. முன்பு தெய்வங்கள் விளையாடிய பொற்காய்கள் புல்லுக்கிடையே கண்டெடுக்கப்படுகின்றன. பால்டர் திரும்பி வருகிறான். அவனோடு அவனைக் கொன்ற ஹோத்தும் வருகிறான். ஓடினின் வெற்றி மனைகள் இருந்த இடத்தில் இருவரும் சேர்ந்து வாழ்கின்றனர்.

இந்தக் காட்சியில் கிறிஸ்தவத்தின் சாயல் படிந்திருக்குமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகின்றனர். எவ்வாறாயினும், பாடல் சொல்வது மிகத் தெளிவு. ஐன்ஹெர்யார் மீண்டும் எழுந்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. திரட்டி வைத்த பெரும்படை மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பவர்கள் ஆயுதமின்றிக் கொல்லப்பட்ட ஒருவனும், அறியாமல் அவனைக் கொன்ற ஒருவனும். இவர்கள் இருவருமே உண்மையாக இறந்தவர்கள். ஹெல்லின் நாட்டை அறிந்தவர்கள். வல்ஹல்லாவின் அன்றாட விளையாட்டில் கிடைக்காத ஒப்புரவு இவர்களுக்குக் கிடைக்கிறது. அப்பாடலின் கடைசி அடிகளில், இறந்தோரைச் சுமந்தபடி ஒரு கரிய பறவைநாகம் இன்னும் பறந்து செல்கிறது. தீமை எளிதில் மறைந்துவிடும் என்று அந்தக் கவிஞர் நம்மை ஏமாற்றவில்லை. ஆயினும் அந்த நாகத்தின் நிழலிலும் சகோதரர் இருவர் ஒரே கூரையின்கீழ் வாழ முடியும் என்று அவர் கண்டார்.

இன்று வல்ஹல்லா என்னும் பெயரில் ஒரு கட்டடம் உண்மையிலேயே உண்டு. ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் நகருக்கு அருகே, டான்யூப் நதிக்கரைக் குன்றின்மேல், பவேரியா மன்னர் முதலாம் லூட்விக் கட்டி 1842-இல் திறந்து வைத்த வெண்பளிங்கு மண்டபம் அது. புகழ்பெற்றோரின் மார்பளவுச் சிலைகளும் நினைவுப் பலகைகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அரசர்களும் தளபதிகளும் பலர். அவர்களோடு புலவர்களுக்கும் இசைவாணர்களுக்கும் அறிஞர்களுக்கும் தொடக்கத்திலேயே இடம் அளிக்கப்பட்டது.

அந்த மண்டபத்தில் 2003-இல் ஸோஃபி ஷோல் என்னும் பெண்ணின் சிலை சேர்க்கப்பட்டது. ஹிட்லரின் ஆட்சிக்கு எதிராகத் துண்டறிக்கைகள் பரப்பியதற்காக 1943-இல், தம் இருபத்தொன்றாம் வயதில், தலை வெட்டப்பட்டவர் அவர். 2009-இல் கார்மேல் சபைத் துறவி எடித் ஸ்டைனின் சிலை வைக்கப்பட்டது. யூத குலத்தில் பிறந்து, மெய்யியல் பயின்று, கத்தோலிக்கரான அவர் 1942-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். 1998-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. இவ்விருவர் கையிலும் வாள் இருந்ததில்லை. எந்த ஓடினும் அவர்களைத் தன் படைக்குத் தெரிந்தெடுக்கவில்லை. ஆயினும் தோல்வி உறுதி என்று தெரிந்தும் சரியான பக்கத்தில் நிற்கும் அந்தப் பழைய வடபுலத் துணிவு அவர்களிடம் குறைவின்றி இருந்தது.

கொல்லப்பட்டோரின் மண்டபம் என்னும் பெயர் இவர்களுக்கும் பொருந்துகிறது. கொன்றவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த பெயருக்கு இவர்கள் புதுப் பொருள் தந்துவிட்டனர். மடிந்தோரை நினைக்கும் ஒவ்வொரு நாளிலும், பால்டருக்கும் ஹோத்துக்கும் சேர்த்து இடமளிக்கும் மண்டபம் ஒன்றை நம் உள்ளத்தில் கட்டியெழுப்புகிறோமா என்று நாம் கேட்டுக்கொள்வது நல்லது.